எங்கள் வீட்டுத் திருவலை

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



"குடும்ப வாழ்க்கை" என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, இல்வாழ்க்கை, விருந்தோம்பல், மக்கட்பேறு என்று குறளதிகாரங்களை அடுக்கிவிட்டு மேடையைவிட்டு இறங்கிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். பல்கலைக்கழக மாணவர்கள் மேடையேறினால் வழக்கமாக அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அவற்றை எங்களிலும் பார்க்க நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் உள்ளும் புறமும் அறிந்த ஒரேயொரு குடும்பத்தைப்பற்றி, எங்கள் குடும்பத்தைப்பற்றியே பேசத் துணிந்தோம்.

'நாங்கள்' என்று சொல்வதைச் சபையோர் பொறுத்தருள வேண்டும். மேடையில் நிற்பவர் ஒருவரேயாயினும் வீட்டிலே பிள்ளைகள் மூவர். இங்கே சொல்லப்போகும் எதனையும் எங்களில் ஒருவர் தனியே கண்டதில்லை. 'நான்' என்று தொடங்கினால், வீட்டுக்குப் போனதும் மற்ற இருவரும் கணக்குக் கேட்பார்கள்.

எங்கள் வீடு கோண்டாவிலில் இருக்கிறது. முன்னே விறாந்தை, நடுவே நான்கு அறை, பின்னே குசினி, அதற்கப்பால் கிணறு. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு எதுவுமில்லை என்பது சபையோர் அறிந்ததே. நிலத்தின்கீழ்ச் சுண்ணாம்புக் கல்லிலே தங்கிநிற்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். முன்னர் துலாவிலே அள்ளினார்கள். இப்போது மோட்டர். துலாவுக்கு ஒரு நற்குணம் உண்டு. அது காலையில் மனிதரோடு கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் மோட்டரோ, எல்லோருக்கும் அவசரமான நாளைப் பார்த்தே காற்றுப் பிடிக்கும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைக் கழற்றி வாயிலே தண்ணீர் விடுவார். நீர் ஏறாது. மறுபடி விடுவார். சோதனைக்குப் போகவேண்டிய பிள்ளை சவர்க்காரம் பூசிய முகத்தோடு நிற்கும். அம்மா குசினியிலிருந்து, "முந்தநாளே ஆளைக் கூப்பிடச் சொன்னனான்" என்பார். அப்பா மறுமொழி சொல்லமாட்டார். சாவியைக் கீழே வைக்கும் சத்தத்திலே மறுமொழி இருக்கும். அவ்வேளையில் அம்மம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கப்பியிலே கயிற்றைப் போட்டு, வாளியால் அள்ளி, தொட்டியைப் பாதிக்குமேல் நிரப்பிவிடுவார். எழுபது வயதுக்குப் பின்னரும் இதனைச் செய்தார். இதனால் மற்றெல்லோருக்கும் வெட்கமும், அதனாற் பின்னும் கோபமும் உண்டாகும்.

அம்மம்மாவின் பெரிய குற்றம் ஒன்றுண்டு. அவர் எதனையும் எறியவிடமாட்டார். வெறும் ஜாம் போத்தல், பழைய சைக்கிள் ரியூப், பிய்ந்த கயிறு, ஒருபக்கம் எழுதிய கொப்பித் தாள், தகர மூடி, எல்லாம் குசினிக்குப் பின்னாலுள்ள பத்தியில் அடுக்கப்பட்டிருக்கும். "உதை ஏன் பிள்ளை எறியிறாய்? கிடக்கட்டும்" என்பார். 'கிடக்கட்டும்' என்பதுதான் அவருடைய மகாமந்திரம். விருந்தினர் வரும் நாட்களில் அம்மா இரகசியமாக ஒரு சாக்குப் போத்தலை வெளியேற்றுவார். அம்மம்மா மாலையில் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். இருவரும் இரண்டு நாள் எங்கள்மூலமாகவே பேசிக்கொள்வார்கள்.

ஆயினும் எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கெல்லாம் தாய்ச்சண்டை தேங்காய் திருவும் திருவலையைப் பற்றியது. அதனைச் சொல்வதற்கு 1995 ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அப்போது நாங்கள் பிறக்கவில்லை. ஆனால் அந்த இரவு நூறு தரம் எங்கள் குசினியில் நிகழ்ந்திருக்கிறது.

அம்மப்பா கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1967 இல் திருமணம். மாதமொருமுறை யாழ்தேவியில் வருவார்; ஞாயிறு இரவு திரும்புவார். ஓய்வுபெற்று வீட்டோடிருந்த சொற்ப காலத்திலே, 1988 இல், நோய்வாய்ப்பட்டுக் காலமானார். மறு ஆண்டு மாமா கனடாவுக்குப் போனார். வீட்டிலே அம்மம்மாவும், பெரியம்மாவும், அம்மாவும் எஞ்சினார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீட்டிலே ஒரு சைக்கிள்தான். அதில் அரிசி, ஒரு பானை, பாய், இரண்டு சீலைப்பொட்டலம் ஏற்றப்பட்டன. அம்மம்மா மகள்மார் இருவருக்கும் ஆளுக்கொரு பொருளைச் சாட்டினார். குசினியிலிருந்து வேண்டியதை எடுப்பது ஒருவர் பொறுப்பு. அலுமாரிக்கடியிலுள்ள சிறு பெட்டியை எடுப்பது மற்றவர் பொறுப்பு. பெட்டிக்குள்ளே அம்மப்பாவின் கடதாசிகள், அடையாள அட்டை, திருமணப் படங்கள் ஒட்டிய அல்பம். எவருக்கு எது என்பதுதான் வழக்கு.

மழை. இருட்டு. செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி முழுக் குடாநாடும் நடப்பதுபோல் இருந்ததாம். ஓரடி வைத்தால் கால்மணி நேரம் நிற்கவேண்டும். குழந்தைகளும் கிழவர்களும் ஆடுமாடும் ஒன்றாய். விடிந்த பின்னரே தென்மராட்சியை அடைந்து, ஒரு பாடசாலை மண்டபத்தில் இடம்பிடித்து, பொட்டலங்களை அவிழ்த்தார்கள். அரிசி இருந்தது. பானை இருந்தது. பழஞ் சீலையொன்றிற் பத்திரமாகச் சுற்றி, கயிற்றால் வரிந்து, பனிக்குஞ்சைப்போல் அணைத்துக்கொண்டு வந்த பொருளை அவிழ்த்தபோது அது திருவலை. பெட்டி இல்லை.

தென்மராட்சியிலே தேங்காயும் இருந்தது, வீட்டுக்கு வீடு திருவலையும் இருந்தது.

"அக்கா, நீங்கள்தானே பெட்டியை எடுக்கிறன் எண்டனீங்கள்?" என்பார் அம்மா. "நீதானே அலுமாரிக்குக் கிட்ட நிண்டனீ" என்பார் பெரியம்மா. அன்று தொடங்கியது. 1996 ஆம் ஆண்டு திரும்பிவந்தபோது கூரையில் ஓடு பாதியில்லை, கதவுகள் இல்லை, அலுமாரி இல்லை, அதன் அடியிலிருந்த பெட்டியுமில்லை. பின்னர் இருவருக்கும் திருமணமாயிற்று, பெரியம்மா இணுவிலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார், பிள்ளைகள் பிறந்தோம். ஓடு மாற்றினார்கள், கதவு போட்டார்கள். திருவலை மட்டும் அப்படியே இருக்கிறது. பெரியம்மா வரும் நாளில் அம்மா அதனை மறைத்துவைப்பார். பெரியம்மா தேடியெடுத்து அதிலேயே அமர்ந்து திருவுவார். திருவத் தொடங்கிக் கால் தேங்காய் முடியுமுன் 1995 வந்துவிடும்.

அம்மம்மா தீர்ப்புச் சொன்னதேயில்லை. யார் பெட்டியை எடுக்கவேண்டும் என்று சொன்னவர் அவர்தான், அவருக்குத் தெரியாமலிராது. எத்தனையோ முறை கேட்டோம். "அந்தக் கதை கிடக்கட்டும்" என்பார். மிசன் பாடசாலையிற் படித்தவர்கள் நாங்கள். காலையிற் பாடசாலை மண்டபத்தில் ஜெபம், மாலையில் வீட்டிலே தேவாரம். சாலமோன் அரசன் குழந்தை வழக்கைத் தீர்த்த கதையை ஒருநாள் அம்மம்மாவுக்குச் சொல்லி, நீங்களும் அப்படியொரு தீர்ப்புச் சொல்லலாமே என்றோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, "அங்கை ஒருத்தி கள்ளி. இஞ்சை ரெண்டும் என்ரை பிள்ளையள்" என்றார். பாடசாலையில் எந்த ஆசிரியரும் இவ்வளவு நன்றாக அக்கதையை விளக்கியதில்லை.

அம்மப்பாவுக்கு ஒரு படமில்லை என்பதன் பாரம் சிறுவயதில் எங்களுக்குத் தெரியவில்லை. அயல் வீடுகளிலெல்லாம் சுவரிலே பொட்டிட்ட படங்கள் தொங்கும். எங்கள் வீட்டிலே அந்தச் சுவரில் கலண்டர். அவர் எப்படி இருந்தார் என்று கேட்டால் மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். பெரியம்மா சொல்வதில் உயரம் கூடும். அம்மா சொல்வதில் நிறம் வெளுக்கும். அம்மம்மா, "வெள்ளைச் சேட்டுத்தான் போடுவார்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

வீட்டோடு போன பயணங்களில் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றதும், 2014 ஒக்டோபரில் மறுபடி வந்ததும் சபையோர் அறிவீர்கள். 2015 ஆம் ஆண்டு விடுமுறையில், அதில் ஒருதரம் ஏறவேண்டுமென்று அம்மம்மா கேட்டார். எங்கே போவது என்று அப்பா கேட்டார். எங்கேயென்றாலும் சரி என்றார். கொடிகாமம்வரை போய்த் திரும்புவதென்று முடிவாயிற்று. பெரியம்மா குடும்பமும் சேர்ந்து ஒன்பது பேர். பிட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், தண்ணீர்ப் போத்தல், விசிறி, குடை இரண்டு. நாற்பது நிமிடம்கூட இல்லாத பயணத்துக்கு இரண்டு நாள் ஆயத்தம்! நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முந்திப் போய், அங்கேயே பாதிப் பிட்டு முடிந்துவிட்டது. தம்பி சன்னலுக்காக அழுதான். அப்பா ரிக்கற்றைச் சேட்டுப் பையில் வைத்துவிட்டுக் காற்சட்டைப் பையில் தேடினார்.

அம்மம்மா சன்னலோரம் இருந்தார். புகையிரதம் நாவற்குழியை நெருங்கி நீரேரியைக் கடந்தது. பக்கத்திலே தெருப்பாலம் தெரிந்தது. பெரியம்மாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தினார்கள். எங்களுக்கு அது ஒரு பாலம், சில கொக்குகள், அவ்வளவே. அம்மம்மா திரும்பி, "இவ்வளவு கிட்டவோ?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. கொடிகாமத்தில் ஒரு பெரிய பலாப்பழம் வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸிலே அதன் பால் அப்பாவின் சேட்டிலும் பக்கத்திலிருந்தவரின் வேட்டியிலும் பட்டு, வீடுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தோம்.

2021 ஆம் ஆண்டு, நோய்த்தொற்றினால் வகுப்புக்களெல்லாம் கைத்தொலைபேசிக்குள் நடந்த காலம். இலண்டனிலுள்ள தூரத்து உறவினரொருவர் தம் பழைய பெட்டியைக் கிளறி ஒரு படத்தைக் கண்டெடுத்து மாமாவுக்கு அனுப்ப, மாமா எங்களுக்கு அனுப்பினார். 1974 இல் நடந்த திருமணமொன்றின் குழுப்படம். பின்வரிசையில், இடமிருந்து நான்காவதாக, வெள்ளைச் சேட்டுடன் ஒருவர். "இது ஐயாதான்" என்று மாமா எழுதியிருந்தார். அம்மா அழுதேவிட்டார். அப்பா அதைப் பட்டினத்து ஸ்ரூடியோவொன்றிற் கொடுத்து அந்த ஒருவரை மட்டும் பெரிதாக்கிச் சட்டமிடச் செய்தார். பெரியம்மா வந்தார். எல்லோரும் சுற்றி நிற்க, அம்மம்மாவின் மடியில் படத்தை வைத்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பின்பு, "இது அவரில்லை. அவற்றை தம்பி" என்றார்.

தம்பியும் காலமாகி நெடுநாள். சாட்சிக்கு ஆளில்லை. "அவருக்கு வலது காது ஒருக்கால் மடிஞ்சிருக்கும்" என்றார் அம்மம்மா. படத்திலே வலது காதை முன்னே நிற்கும் ஒரு பெண்ணின் கொண்டை மறைக்கிறது.

மாமா தொலைபேசியில், "ஐயாவை எனக்குத் தெரியாதோ? இருபது வயசுமட்டும் பாத்தனான்" என்றார். அம்மா மாமாவின் பக்கம். பெரியம்மாவோ, "அம்மா இல்லையெண்டால் இல்லைத்தான். ஆரோ ஒரு மனுசனைக் கொண்டுவந்து சுவரிலை வைச்சுக் கும்பிடுறதோ?" என்று ஒற்றைக்காலில் நின்றார். பெட்டி போன சண்டை போதாதென்று படம் வந்த சண்டையும் தொடங்கிற்று. அம்மம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அம்மா ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அது அவர் காதில் விழுந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. படம் கடதாசியில் சுற்றப்பட்டு அலுமாரிக்குள் போயிற்று.

2022 ஆம் ஆண்டை நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. எரிவாயு இல்லை, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை, பங்குனி முடிவில் ஒருநாளிற் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு, ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா. மோட்டர் ஊமையாயிற்று. எரிவாயு அடுப்பின்மேல் துணி விரித்து அம்மா அரிசிச் சுளகை வைத்தார். அப்போதுதான் அம்மம்மாவின் பத்தி திறந்தது. ஜாம் போத்தலை எடுத்து, அடியிலே சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரியைக் கம்பியில் தாங்கவைத்துக் கொளுத்திக் காட்டினார். காற்றடித்தாலும் அணையாது, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஒரு பிள்ளை ஒரு பாடம் படித்து முடிக்கலாம். 1990 இன் பின் மின்சாரமேயில்லாத ஆண்டுகளில் குடாநாட்டுப் பிள்ளைகள் இந்த வெளிச்சத்திற் படித்தே பல்கலைக்கழகம் போனார்களாம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்க்கும் வித்தையையும் சொன்னார். அதனை நாங்கள் செய்து பார்க்கவில்லை. அம்மா அந்த ஆண்டு முழுவதும் ஒரு போத்தலையும் எறியவில்லை.

அந்த விளக்கோடு சேர்ந்த ஒரு சம்பவம் இருக்கிறது. ஓரிரவு அம்மாவும் அப்பாவும் மாமாவோடு பேசுவதற்குத் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கும் இடந்தேடி முற்றத்துக்குப் போயிருந்தார்கள். அம்மம்மா எங்களை அழைத்து, "அந்தப் படத்தை ஒருக்கால் எடுத்து வா மோனை" என்றார். கொண்டுவந்தோம். போத்தல் விளக்கைப் பக்கத்தில் இழுத்து, கண்ணாடியில்லாமலே நெடுநேரம் பார்த்தார். அக்கா மெல்ல, "அம்மப்பாவோ அம்மம்மா?" என்று கேட்டாள். அவர் சீலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். ஒருமுறையல்ல, மூலை மூலையாகத் துடைத்தார். பிறகு எங்களிடம் நீட்டி, "கிடக்கட்டும்" என்றார்.

மாட்டு என்பதா, உள்ளே வை என்பதா? நாங்கள் கேட்கவில்லை. முற்றத்திலிருந்து காலடி கேட்டது. படத்தை அலுமாரியில் வைத்துவிட்டோம்.

2023 மாசி மாதத்தில், ஒரு விடியற்காலை, நித்திரையிலேயே போய்விட்டார். வயது எழுபத்தெட்டு. முதல்நாள் மாலை கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் திருப்பியவர். மாமாவுக்கு உடனே விமானச் சீட்டுக் கிடைக்கவில்லை. தம்பி கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு நின்றான். சுண்ணம் இடித்ததும் வாய்க்கரிசி போட்டதும் மாமாவுக்குத் தெரிந்தன. பாடை படலையைத் தாண்டும் நேரம் பார்த்துப் படம் அசையாமல் நின்றுவிட்டது. தம்பி தெருவரை ஓடினான், தொலைபேசியைத் தட்டினான், அது வரவில்லை. அவன் இன்றுவரை அதைத் தன் குற்றம்போலவே பேசுகிறான். பெண்கள் படலையோடு நின்றார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றதை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கீரிமலையில் நடந்தது. அதற்கு மாமா வந்துவிட்டார். முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின் மூன்று சகோதரரும் ஒரே கூரையின்கீழ்! பத்தியை ஒதுக்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட போத்தல். மாமா ஒரு போத்தலைக் கழுவித் துணியிற் சுற்றித் தம் பயணப்பெட்டியில் வைத்தார். கனடாவில் ஜாம் போத்தலுக்குப் பஞ்சமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மம்மாவின் படம், இருபத்துநான்கு பேர் எடுத்த நல்ல படமாகவே, சுவரில் ஏறிற்று. பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தது அப்பா. யாரும் சொல்லி அடிக்கவில்லை. அந்த ஆணியில் இப்போதும் ஒன்றுமில்லை.

விளக்கடியில் நாங்கள் கண்டதைச் சொல்வதா, விடுவதா என்று எங்கள் மூவருக்குள்ளும் இன்னும் முடிவில்லை. சொன்னால் அம்மா, "பாத்தியே, அடையாளம் கண்டிட்டா" என்பார். பெரியம்மா, "அவரெண்டால் அவரெண்டு சொல்லியிருப்பாவே" என்பார். இரண்டுக்கும் இடமிருக்கிறது. அக்கா சொல்லவேண்டும் என்கிறாள். தம்பி வேண்டாம் என்கிறான். நடுப்பிள்ளையை மேடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மா இச்சஞ்சிகையை வாசிப்பவர் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

கடந்த ஆடி அமாவாசையன்று அப்பா தம் தந்தையார் பொருட்டுக் கீரிமலைக்குப் போய்க் கேணியில் மூழ்கி வந்தார். காத்தோட்டிக்காய்க்குத் திருநெல்வேலிச் சந்தையில் அன்று நெருப்பு விலை. பெரியம்மா இணுவிலிலிருந்து விடியவே வந்துவிட்டார். அம்மா திருவலையை மறைத்து வைக்கவில்லை. குசினி நடுவிலேயே கிடந்தது. பெரியம்மா அதில் அமர்ந்து முதற் பாதியைத் திருவினார். பின் எழுந்து இடம்விட, அம்மா அமர்ந்து மறுபாதியைத் திருவினார். உப்புக் கூடியதா குறைந்ததா என்று மட்டும் சிறிது வாக்குவாதம் நடந்தது. ஆணிக்குக் கீழே தலைவாழையிலை போட்டு, சோறு கறி படைத்து, பக்கத்தில் ஒரு புது வெள்ளைச் சேட்டை மடித்து வைத்தார்கள்.

அந்நேரம் மாமா தொலைபேசியில் வந்தார். "படம் வைச்சாச்சோ?" என்றார்.

"இன்னும் இல்லை" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.